மேலே நொய்யல், கீழே ஊற்று

ஆனி மாதத்தில் சூலூர் வானத்தை நம்ப முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று புழுதியை வாரி இறைக்கும். மேகக் கூட்டம் தலைக்கு மேல் கிழக்கு நோக்கி ஓடும். மண் நனையும் அளவுக்கு மழை விழுவது அபூர்வம். அதே நாளில் ஊருக்கு வடக்கே நொய்யலில் செந்நிறத் தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருக்கும். மேற்கே வெள்ளியங்கிரி மலையில் கொட்டிய தென்மேற்குப் பருவமழை அது. சூலூரின் சொந்த மழை ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். ஒன்று ஆற்றில் வரும் மலையின் மழை, மற்றொன்று தன் தலையில் விழும் மழை. இந்த இரண்டையும் நம்பித்தான் கோவையிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் இந்த ஊர் பிழைத்து வந்திருக்கிறது.

கொங்கு நாட்டின் நிலத்துக்கு உருவம் கொடுத்தது எது என்று கேட்டால் எல்லோரும் ஆறுகளைத்தான் காட்டுவார்கள். மலையிலிருந்து காவிரி வரை நொய்யலோடு பயணம் செய்து பார்த்தால், ஆறு செய்தது பாதிதான் என்று தெரிகிறது. மீதியைச் செய்தது கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்குள் ஊறிய தண்ணீர். ஓடும் நீருக்கும் ஊறும் நீருக்கும் நடுவே மனிதர்கள் குளத்தை வெட்டி வைத்தார்கள். அந்தக் குளம் கெட்டால் இரண்டும் கெடும்.

மலையடிவாரம்

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை வழியாகச் சிறுவாணி சாலையில் போனால் சாடிவயல் வரும். அங்கிருந்து காட்டுக்குள் போனால் கோவைக் குற்றாலம். பாறைப் படிகளில் தாவித் தாவி விழும் அருவி. குளிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் காலடியையும் கவனிக்கலாம். வீடு அளவுக்குப் பெரிய பாறைகள், அவற்றுக்குக் கீழே பூசணி அளவுக் கற்கள், இன்னும் கீழே கூழாங்கற்கள், அதற்கும் கீழே மணல். வெள்ளம் வரும் நாளில் கல்லைக் கல்லோடு மோதவிட்டு ஆறு தேய்த்த வரிசை இது. தண்ணீர் தனியாகப் பாறையை அறுப்பதில்லை. அது தூக்கி வரும் மணலும் கல்லும்தான் அறுக்கின்றன.

அருவி நீரும் மற்ற மலையோடைகளும் அடிவாரத்தில் ஒன்றுகூடுகின்றன. பெரியாறும் சின்னாறும் சேரும் கூடுதுறையிலிருந்து ஆறு நொய்யல் என்ற பெயரோடு கிளம்புகிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். இரண்டு ஓடைகளும் ஒரே மட்டத்தில், படியோ அருவியோ இல்லாமல் கலப்பதை அங்கே நின்று பார்க்கலாம். ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் பிளேஃபேர் 1802இல் இதைத்தான் சான்றாக எடுத்து வைத்தார். பள்ளத்தாக்குகள் முன்பே இருந்து ஆறுகள் பிறகு அவற்றில் புகுந்திருந்தால், கிளையும் தாயும் இவ்வளவு ஒழுங்காக ஒரே மட்டத்தில் சந்திக்க வாய்ப்பே இல்லை. அந்தந்த ஓடைதான் தன் பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டது என்றார். பூமியின் மேற்பரப்பு ஒரு பெரும் பிரளயத்தில் உருவானது என்று பலரும் நம்பிய காலத்தில் அது துணிச்சலான பேச்சு.

இன்னும் கீழே வந்தால் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. ஆற்றை முழுதாக மறிக்காமல், ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பிவிட்டு மிச்சத்தைத் தன் போக்கில் போகவிடும் கல்லணை. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று கோவையின் மேற்குக் குளங்கள் இந்த வாய்க்காலை நம்பி இருப்பவை. அடுத்தடுத்த அணைக்கட்டுகளிலிருந்து உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று வரிசை கிழக்கே நீளுகிறது. ஆற்றில் வெள்ளம் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்துத் தண்ணீரை ஆண்டு முழுவதற்கும் பிடித்து வைக்கும் ஏற்பாடு இது.

ராவத்தூர்

இந்த வரிசையில் சூலூரின் பங்கு ராவத்தூர் அணைக்கட்டிலிருந்து வருகிறது. அங்கே பிரியும் வாய்க்கால் சூலூர் பெரிய குளத்துக்குப் போகிறது. அது நிரம்பினால் மிச்சம் சின்னக் குளத்துக்கு. நொய்யல் அகண்ட ஆறு அல்ல. மலையிலிருந்து காவிரி வரை சுமார் 180 கி.மீ. ஓடுகிறது, அதில் பெரும்பகுதி சமவெளி. சரிவு குறைந்ததும் ஆறு தூக்கிவந்த சுமையை இறக்கி வைக்கத் தொடங்கும். முதலில் கல், அடுத்து மணல், கடைசியில் வண்டல். மணல் வரை ஆற்றுப்படுகையிலேயே தங்கிவிடும். வண்டல் மட்டும் வாய்க்காலோடு பயணம் செய்து குளத்தில் போய்ப் படியும்.

அந்த வண்டல் அங்கேயே கிடந்ததில்லை. கோடையில் குளம் வற்றியதும் விவசாயிகள் மாட்டுவண்டி கட்டி, பிற்காலத்தில் டிராக்டர் வைத்து, அதை அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்தில் கொட்டினார்கள். வெள்ளியங்கிரியில் மழையும் வேரும் சேர்ந்து மக்கவைத்த பாறை இப்படி ஆற்றில் பாதி வழியும் வண்டியில் மீதி வழியும் வந்து சூலூர்த் தோட்டங்களில் மண்ணாகியிருக்கிறது. நிலத்தை உருவாக்கும் வேலையில் காளைக்கும் பங்கு உண்டு.

வண்டல் அள்ளியதால் இன்னொரு நன்மையும் நடந்தது. வண்டல் தடித்தால் குளத்தின் அடி அடைபட்டுப்போகும், தண்ணீர் கீழே இறங்காது. அள்ள அள்ள அடி திறந்தபடியே இருந்தது. கரைக்குக் கிழக்கே இருந்த கிணறுகளில் ஊற்று குறையாததற்கு இது ஒரு காரணம். “கொளம் ரொம்புச்சுன்னா பத்து நாள்ல எங்க கெணத்துல தெரிஞ்சுபோயிருமுங்க” என்றார் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

இன்று குளங்களுக்கு வரும் தண்ணீரில் மாநகரத்தின் சாக்கடை கலந்திருக்கிறது. கோடையிலும் ஆறு வற்றுவதில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. தண்ணீரைப் பார்க்கவிடாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அடியில் படிவதும் பழைய வண்டல் அல்ல. அதை அள்ளித் தோட்டத்தில் போட இப்போது யாருக்கும் மனம் வராது.

கிணற்றுக்குள்

சூலூர் நிலத்தைப் புரிந்துகொள்ள ஆற்றைவிட நல்ல இடம் ஒரு பழைய கிணறு. கொங்குக் கிணறு என்றால் வட்டமாகச் சுவர் எழுப்பிய சின்னக் கிணறு என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம் போன்ற சதுரப் பள்ளம் அது. ஓரத்தில் கல்லில் வெட்டிய படி. சுவரில் காட்டுப்புறாக்கள் கூடு கட்டியிருக்கும். ஊருக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் எண்பதை நெருங்கிய விவசாயி ஒருவர், தன் அப்பாரு காலத்தில் வெட்டிய கிணற்றில் என்னை இறக்கிவிட்டார். அவர் மேலே நின்றபடி கைத்தடியால் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“மேல இருக்கறது கரிசலுங்க தம்பி. அதுக்குக் கீழ வெள்ளையாத் தெரியுது பாருங்க, அது சுக்கான். கடப்பாரை பட்டாத் தெறிக்கும். அதைத் தாண்டினா மொரம்பு. அதுலதான் மொதல் ஊத்து. அப்பறம் பூரா பாறைதானுங்க. வெடி வெச்சுத்தான் எறங்கினாங்க.”

அவர் சொன்ன ஒவ்வொரு அடுக்கும் நிலத்தடி நீரின் கைவேலை. அடியில் இருக்கும் பாறை நைஸ் வகை. 200 கோடி ஆண்டுக்கு மேல் வயதுள்ள, இந்தியாவிலேயே மிகப் பழைய பாறைகளில் சேர்ந்தது. இறுகிய உடம்பு, மணற்கல் போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. ஆனால் அதில் வெடிப்புகள் உண்டு. மண்ணில் இறங்கும் மழைநீர், வேர்கள் விடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி அந்த வெடிப்புகளில் புகுகிறது. பாறையிலுள்ள பளபளப்பான ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்குகிறது. பாறை உள்ளே உளுத்து மொரம்பாகிறது. மொரம்பின் இடைவெளிகளில் தண்ணீர் தங்குகிறது. கிணற்றுக்கு ஊற்று என்றால் பெரும்பாலும் இந்த உளுத்த அடுக்கும் அதற்குக் கீழே சில வெடிப்புகளும்தான். ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் பாரம் வெடிப்புகளை இறுக மூடிவிடுகிறது.

சுக்கானின் கதை இன்னும் சுவையானது. உளுத்த பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்புச் சத்தை, மழை கொட்டும் மலையில் தண்ணீர் ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். சூலூர் மழைமறைவுச் சமவெளி. விழும் மழை அந்தச் சுண்ணாம்பைக் கழுவிவிடும் அளவுக்கு இல்லை. ஈரம் வெயிலில் மேலே இழுக்கப்பட்டு ஆவியாகும்போது சுண்ணாம்பு பாதியிலேயே தங்கிவிடுகிறது. முதலில் கடுகு அளவு, பிறகு எலுமிச்சை அளவு உருண்டை, நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்பலகை. அருவிப் பக்கத்துப் பாறையும் சூலூர்ப் பாறையும் அவ்வளவு வேறுபட்டவை அல்ல. தண்ணீரின் அளவு மாறியதால் மண்ணே மாறிவிட்டது. அங்கே ஆழமான செம்மண், இங்கே சுக்கான் மேல் படுத்த கரிசல்.

மேகாலயத்தில் சுண்ணாம்புக்கல் மலைகளுக்குள் நிலத்தடி நீர் கிலோமீட்டர் கணக்கில் குகைகளைக் குடைந்திருக்கிறது. சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துப் போகும் வேலை அது. சூலூரில் அதே நீர் தலைகீழாகச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கரைப்பதும் கட்டுவதும் தண்ணீரின் இரண்டு கைகள். எது ஓங்கும் என்பதை மழையும் வெயிலும் முடிவு செய்கின்றன. அந்தக் கரிசல்தான் பருத்தி விளைந்த மண். 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வரவும் பிற்காலத்தில் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தம் ஓயாமல் கேட்கவும் அடியில் கிடந்த காரணங்களில் அதுவும் ஒன்று.

நிலத்துக்குள் தண்ணீர் செய்யும் இந்த வேலையின் வேகம் மனிதக் கணக்குக்கு அடங்காது. நிலத்தடி நீர் நகரும் வேகத்தை முதலில் சூத்திரமாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த அவர், மணல் நிரப்பிய குழாய்களில் சோதனை செய்து 1856இல் முடிவை வெளியிட்டார். ஆறு ஒரு நிமிடத்தில் கடக்கும் தொலைவைக் கடக்க மண்ணுக்குள் ஊறும் தண்ணீருக்கு மாதக்கணக்கில் ஆகலாம். எடுக்கும் வேகம் இந்த வேகத்தை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சூலூர் தன் உடம்பிலேயே பார்த்துவிட்டது.

பைக்காரா வந்த பிறகு

கிணற்றைக் காட்டிய பெரியவரின் அப்பாரு காலத்தில் கவலை ஏற்றம். சரிவில் காளைகள் இறங்கி நடக்க, தோல் சால் மேலே வந்து வாய்க்காலில் கவிழும். காளைக்கு மூச்சு வாங்கினால் இறைப்பு நிற்கும். அந்த இடைவெளியில் கிணறு ஊறிக்கொள்ளும். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. மின்சாரம் கோவைச் சமவெளிக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின்மோட்டார் செய்து காட்டினார்கள். மலையில் விழுந்த தண்ணீரின் விசை, கம்பி வழியே வந்து சமவெளியின் பாதாளத் தண்ணீரை மேலே தூக்கியது. மோட்டாருக்கு மூச்சு வாங்காது.

முதலில் கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டினார்கள். பிறகு கிணற்றின் பக்கச் சுவரில் சைடு போர் போட்டு அக்கம்பக்கத்து வெடிப்புகளைத் தேடினார்கள். அதற்குப் பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. ஆயிரம் அடி என்பது இப்போது இந்தப் பக்கத்தில் யாரையும் திடுக்கிட வைக்கும் எண் அல்ல. 1990இல் தமிழக விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. வறட்சியில் அது பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது உண்மை. மோட்டாரை நிறுத்த ஒரு காரணம் குறைந்ததும் உண்மை. நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புகளில் சூலூர் வட்டாரம் அதிநுகர்வுப் பகுதிகளின் பட்டியலில் வந்து உட்கார்ந்தது.

நீர்மட்டம் இறங்கியதும் ஆறும் மாறியது. முன்பு மழை நின்ற பிறகும் பல மாதம் இரு கரையிலிருந்தும் ஊற்று கசிந்து நொய்யலுக்கு வந்துகொண்டிருந்தது. மொரம்பு காய்ந்த பிறகு ஓட்டம் திசை மாறிவிட்டது. வெள்ளம் வந்தால் படுகைதான் அதைக் குடிக்கிறது. ஊற்று ஊட்டிய ஆறு, ஊற்றுக்கு ஊட்டும் ஆறாகிவிட்டது. அப்படி இறங்குவது நல்ல தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. கோவைக்குக் கிழக்கே நல்ல தண்ணீர் வெள்ள நாட்களில் மட்டும்தான்.

பெரியவரின் கிணற்றில் இப்போது அடியில் ஒரு ஓரத்தில் மட்டும் பச்சைத் தண்ணீர். பக்கத்திலிருக்கும் போரிலிருந்து எடுத்துக் கிணற்றில் விட்டு, அங்கிருந்து சொட்டுநீர்க் குழாய்க்கு எடுக்கிறார். “இது கெணறு இல்லீங்க தம்பி, தொட்டி” என்றார், சிரித்துக்கொண்டே.

கௌசிகாவும் அத்திக்கடவும்

சூலூருக்கு வடக்கே நொய்யலின் கிளையான கௌசிகா நதி ஓடுகிறது. ஓடியது என்றும் சொல்லலாம். குருடிமலைப் பக்கம் தொடங்கி, கோவில்பாளையம் வழியாக வந்து வஞ்சிபாளையம் அருகே நொய்யலில் சேரும் இந்த ஆறு பல இடங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்த பள்ளமாகக் கிடக்கிறது. கரைமண்ணை அறுத்த தடங்களும் வேர் தெரிய நிற்கும் மரங்களும் ஒரு காலத்தில் இங்கே எவ்வளவு வெள்ளம் போயிருக்கும் என்று காட்டுகின்றன.

இந்த வறண்ட மேட்டுநிலத்துக்குப் பவானித் தண்ணீரைக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிகும் நீரிலிருந்து ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். தண்ணீர் தானாகப் பாய்வதில்லை. நீரேற்று நிலையங்கள் மேலே தள்ளுகின்றன. ஆயிரம் கி.மீ.க்கு மேல் குழாய். வாய்க்கால் வெட்டிப் பாசனம் தருவதைவிட, குட்டையை நிரப்பி மண்ணுக்குள் இறங்கவிடுவதே இதன் நோக்கம். சித்திரைச்சாவடியையும் ராவத்தூரையும் கட்டியவர்கள் சரிவை வைத்துச் செய்த வேலையை இன்று மோட்டாரை வைத்துச் செய்கிறோம். எண்ணம் ஒன்றுதான்: ஓடும் தண்ணீரைக் கொஞ்ச காலம் உட்காரவை.

கிழக்கே

சாமளாபுரம், மங்கலம் கடந்து ஆறு திருப்பூருக்குள் நுழைகிறது. அங்கே நொய்யலில் சேரும் நல்லாற்றின் நீரைப் பிடிக்கும் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகள் நிறைந்த அந்தக் கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிழக்கே போவது நல்லது. அடுத்து வருவது ஒரத்துப்பாளையம்.

சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட இந்த அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதே ஆண்டுகளில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பெருகின. அணையில் தேங்கியது சாயமும் உப்பும் கலந்த தண்ணீர். வெறும் சாக்கடை என்றால் சில ஆண்டில் மண்ணே அதைச் செரித்துவிடும். உப்பைச் செரிக்க மண்ணால் முடியாது. அணையில் தேங்கிய நீர் பக்கவாட்டில் ஊறிச் சுற்றியிருந்த கிணறுகளுக்குப் போனது. மழை குறைந்த இந்த நிலத்தில் சுண்ணாம்பு எப்படி வெளியேற முடியாமல் சுக்கானாகத் தங்கியதோ, அதே விதிப்படி உப்பும் தங்கியது. வித்தியாசம் காலத்தில்தான். சுக்கான் உருவாகப் பல ஆயிரம் ஆண்டு ஆனது. தென்னை காய, கிணறு கரிக்கச் சில ஆண்டே போதுமானதாக இருந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. ஆற்றுநீர் ஒரு வெள்ளத்தில் தெளியும். நிலத்தடி நீர் டார்சியின் வேகத்தில்தான் தெளியும்.

இந்தப் பக்கத்திலேயே நொய்யலின் வடகரையில் கொடுமணல். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி செய்த பட்டறைகளும் வெளிப்பட்ட ஊர். இங்கே மணியாகப் பட்டை தீட்டப்பட்ட பளிங்கும், படியூர்ப் பக்கம் கிடைத்த பச்சைக்கல்லும் கூடப் பூமிக்கடியில் நீர் செய்தவைதான். ஆழத்தில் பாறைக் குழம்பு குளிரும்போது கடைசியில் எஞ்சும் நீர் மிகுந்த திரவம் வெடிப்புகளில் புகுந்து பெரிய பெரிய படிகங்களாக வளர்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு அரிப்பு மேலிருந்த பாறையைச் சீவியெடுத்து அவற்றை மனிதக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தது. ஊறிய நீர் வளர்த்ததை ஓடிய நீர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊரில் ஆறு காவிரியில் சேர்கிறது.

போகிறவர்களுக்கு

இந்தப் பயணத்தை ஒரே மூச்சில் முடிக்க நினைக்க வேண்டாம். ஆடியில் மலைப்பக்கம் போங்கள். வெள்ளம் அதிகமானால் கோவைக் குற்றாலத்தில் அனுமதி இருக்காது. பேரூர்ப் படித்துறையில் நின்றே ஆற்றைப் பார்க்கலாம். வறண்ட பள்ளங்களில் இறங்கிக் கரையில் சுக்கான் அடுக்கைப் பார்க்கப் பங்குனி நல்லது. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்திலிருந்து சூலூருக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மார்கழியில் வாருங்கள், இரண்டு பருவமழையும் முடிந்து கணக்குத் தெரியும் மாதம் அது. தோட்டத்துக்காரர்களிடம் குளம் நிரம்பியதா என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். கிணற்றில் எத்தனை அடி ஏறியது என்றும் கேளுங்கள். படி எண்ணிப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார்கள். அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் சூலூரின் அடுத்த நூறு ஆண்டு இருக்கிறது.